'பாசி' என்று விற்கப்படுவது உண்மையில் என்ன? ஃபோர்டு 9 இஞ்ச் பின் அச்சின் பழைய பாகங்களை அடையாளம் காணும் முறை

1960களின் அமெரிக்க கார்களைப் புதுப்பிப்பவர்களிடம் "பாசி" என்ற சொல் படும் பாடு கொஞ்சமல்ல. பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து சுற்றினால் பாசி. அச்சு கனமாக இருந்தால் பாசி. வார்ப்பில் பெரிதாக ஓர் எழுத்து தெரிந்தால் அதுவும் பாசி. 'பாசிட்ராக்‌ஷன்' என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் லிமிடெட்-ஸ்லிப் டிஃபரென்ஷியலுக்கு, அதாவது ஒரு பின் சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசை சேர்க்கும் பாகத்துக்கு, வைத்த வணிகப் பெயர். அதன் சுருக்கம்தான் இது. ஃபோர்டு தன்னுடையதை முதலில் ஈக்வா-லாக் என்றும், 1969 மாடல் வாக்கிலிருந்து ட்ராக்‌ஷன்-லாக் என்றும் அழைத்தது. கிரைஸ்லரில் அதன் பெயர் ஷ்யூர்-கிரிப். ஆக, ஃபோர்டு அச்சை ஒருவர் பாசி என்று விற்கும்போதே அவர் உள்ளே பார்க்கவில்லையோ என்ற ஐயம் எழ வேண்டும்.

இந்தக் கட்டுரை ஒரே ஓர் அச்சை எடுத்துக்கொள்கிறது: ஃபோர்டின் 9 இஞ்ச் அச்சு. 1957 முதல் 1986 வரை கார்களிலும் லாரிகளிலும் வந்தது. ஃபோர்டின் மஸ்டாங் காரில் முதலில் கே குறியீடு கொண்ட 289 கன இஞ்ச் எஞ்சினுடனும், 1967 முதல் பெரிய எஞ்சின்களுடனும் வந்தது. உதிரிச் சந்தையில் அதிகம் கைமாறுவதும், அதிகம் தவறாக விவரிக்கப்படுவதும் இதுதான். அச்சில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம்: 'எல்', 'என்', 'சி' என்று.

## மாட்டு வண்டிக்கு டிஃபரென்ஷியல் ஏன் வேண்டாம்?

மாட்டு வண்டி வலப்பக்கம் திரும்பும்போது இடது சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது, வலது சக்கரம் சிறிய வட்டத்தில் போகிறது. ஒரே நேரத்தில் இடது சக்கரம் அதிகச் சுற்று சுற்றியாக வேண்டும். வண்டியில் இது பிரச்சினையே இல்லை. அச்சு அசையாமல் நிற்கிறது, சக்கரங்கள் அதன் முனையில் தனித்தனியே உருள்கின்றன. இழுப்பது மாடு, சக்கரத்தை யாரும் சுழற்றுவதில்லை.

காரில் கதை வேறு. எஞ்சின் பின் சக்கரங்களைச் சுழற்றித்தான் வண்டியை ஓட்டுகிறது. இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கி மாட்டினால் திருப்பத்தில் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்தபடி இழுபடும், அச்சும் முறுக்கேறும். இரண்டையும் சுழற்ற வேண்டும், வெவ்வேறு வேகத்தில் சுழல விடவும் வேண்டும். இந்த இரட்டை வேலையைச் செய்யும் பல்சக்கரக் கூடுதான் டிஃபரென்ஷியல்.

அதற்குள் இருப்பவை சிலதான். எஞ்சினிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய வளையம் கிரவுன் வீல். 9 இஞ்ச் என்பது இந்த வளையத்தின் விட்டம். கிரவுன் வீல் ஓர் இரும்புக் கூட்டின்மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அந்தக் கூட்டுக்குள், சக்கரங்களுக்குப் போகும் ஆக்ஸில் தண்டுகளின் முனையில் ஆளுக்கொன்றாக இரண்டு சன் கியர்கள். அவற்றுக்கிடையே இரண்டையும் தொட்டுக்கொண்டு நிற்பவை ஸ்டார் பினியன்கள். நேராகப் போகும்போது எல்லாம் ஒரே கட்டியாகச் சுற்றும். திருப்பத்தில் ஸ்டார் பினியன்கள் தம் ஊசியில் உருண்டு, ஒரு பக்கம் குறையும் சுற்றை மறுபக்கத்துக்குக் கொடுக்கும்.

இதுதான் சாதாரண டிஃபரென்ஷியல். பட்டறையில் 'ஓப்பன்' என்பார்கள்.

## "வழுக்கும் சக்கரத்துக்குத்தான் எல்லா சக்தியும் போகும்" என்பது சரியா?

இல்லை. எங்கும் பரவிய தவறான புரிதல் இது. ஓப்பன் டிஃபரென்ஷியல் எப்போதும் இரண்டு பக்கமும் சமமான முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். பிரச்சினையும் அங்கேதான். ஒரு சக்கரம் நனைந்த புல்லில் நிற்கிறது. 50 அலகு விசைக்கு மேல் கொடுத்தால் வழுக்கிவிடும். மறு சக்கரம் நல்ல தார்ச்சாலையில் நிற்கிறது. 400 கொடுத்தாலும் தாங்கும். ஆனால் சமம் என்ற விதிப்படி அதற்கும் 50தான் கிடைக்கும். மொத்தம் 100. வண்டி நகராது, புல்லில் இருக்கும் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்தி முழுதும் அங்கே போவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் இரண்டு பக்கமும் பட்டினி.

இதை உடைக்க ஒரே வழி இரு பக்க விசையையும் சமமில்லாமல் ஆக்குவது.

## தட்டுகளை அடுக்கி அழுத்தினால்

ஐந்தாறு எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே ஈரத்துணி வைத்து, மேலிருந்து கையால் அழுத்துங்கள். இப்போது மேல் தட்டை மட்டும் திருப்பப் பாருங்கள். திரும்பும், ஆனால் தடையோடு. அழுத்தம் கூடக் கூடத் தடையும் கூடும். லிமிடெட்-ஸ்லிப்பின் உயிர் இந்தத் தடைதான்.

ட்ராக்‌ஷன்-லாக்கில் சன் கியருக்கும் கூட்டுக்கும் நடுவே இப்படி ஓர் அடுக்கு உண்டு. அதன் பெயர் கிளட்ச் பேக். ஒன்றுவிட்டு ஒன்றாக, சில தட்டுகளின் காதுகள் கூட்டின் காடிகளில் மாட்டியிருக்கும், மற்றவை சன் கியரோடு சேர்ந்து சுற்றும். ஸ்பிரிங்குகள் அவற்றை எப்போதும் கொஞ்சம் அழுத்தி வைத்திருக்கும். இதை முன்னழுத்தம் என்போம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கூம்பு வடிவப் பற்கள் ஒன்றையொன்று தள்ள, சன் கியர் வெளிப்பக்கமாக நகர்ந்து அடுக்கை மேலும் இறுக்கும். ஒரு பக்கச் சக்கரம் வேகமாக ஓட முயன்றால் தட்டுகள் உராய்ந்து அதைப் பிடித்து, அந்த விசையை மறுபக்கம் சேர்க்கும். மேலே சொன்ன கணக்கில் கிளட்ச் பேக்கின் தடை 80 அலகு என்றால், புல் பக்கம் 50, தார்ப் பக்கம் ஏறத்தாழ 130. வண்டி நகர அது போதுமாக இருக்கலாம்.

பெயரில் 'லிமிடெட்' என்பது இதைத்தான் சொல்கிறது: வழுக்கல் முழுதாக நிற்பதில்லை, ஓர் எல்லைக்குள் அடங்குகிறது. திருப்பத்தில் தட்டுகள் கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுக்கும்.

சுருக்கிச் சொன்னால்: ஓப்பன் என்றால் பல்சக்கரங்கள் மட்டும். லிமிடெட்-ஸ்லிப் என்றால் அதே பல்சக்கரங்கள், கூடவே தேயக்கூடிய கிளட்ச் பேக். 'தேயக்கூடிய' என்ற சொல்லை நினைவில் வையுங்கள். பழைய பாகம் வாங்குபவரின் தலைவலி முழுதும் அதில்தான் இருக்கிறது.

## பாசி என்ற பெயரில் ஒளிந்திருக்கும் உறவினர்கள்

டெட்ராய்ட் லாக்கர் என்பது வேறு பொருள். அதில் ஸ்டார் பினியனும் இல்லை, உராயும் தட்டும் இல்லை. நடுவில் பல் வெட்டிய வளையம், இருபுறமும் அதைக் கவ்வும் பல் முகங்கள், ஸ்பிரிங்குகள். நேராகப் போகும்போது முழுப் பூட்டு. திருப்பத்தில் வேகமாக ஓடும் பக்கம் பல்லைவிட்டுக் கழன்று கிளிக் கிளிக் என்று ஒலித்தபடி ஓடும். ஃபோர்டு தொழிற்சாலையே இதைக் கொடுத்தது. 1969 மஸ்டாங்கில் 428 கோப்ரா ஜெட் எஞ்சினுடன் வந்த டிராக் பேக் என்ற பந்தயத் தொகுப்பில் 3.91 கியர் விகிதம் (இதன் பொருள் கீழே வருகிறது) ட்ராக்‌ஷன்-லாக்குடனும், 4.30 விகிதம் டெட்ராய்ட் லாக்கருடனும் கிடைத்தது.

ஸ்பூல் என்பது டிஃபரென்ஷியலே இல்லாத வெறும் கட்டி. பந்தயத்துக்குச் சரி, சாலைக்கு ஆகாது. மினி ஸ்பூல், சன் கியர்களையும் ஸ்டார் பினியன்களையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும் துண்டு. இவை எல்லாவற்றையும்விட மோசமானது, ஸ்டார் பினியன்களை வெல்டிங் வைத்து ஒட்டியது. சக்கரங்கள் சேர்ந்து சுற்றும். விற்பவர் பாசி என்பார். கிடைப்பது குப்பை இரும்பு.

## முதலில், இது 9 இஞ்ச் தானா?

ஃபோர்டில் தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும் 8 இஞ்ச் அச்சும் உண்டு. மஸ்டாங்கின் சிறிய வி8 எஞ்சின்களில் பெரும்பாலும் வந்தது அதுதான். இரண்டிலும் பினியன், கிரவுன் வீல், கூடு எல்லாம் ஒரே வார்ப்பில் முன்பக்கமாகக் கழன்று வரும். இந்த வார்ப்பை 'தேர்ட் மெம்பர்' என்பார்கள். கழற்றாமல் வேறுபடுத்த எளிய வழி ஒன்று உண்டு. அச்சின் உடலில் இதை இறுக்கும் நட்டுகளில் அடிப்பக்கம் உள்ளவற்றில் சாக்கெட் போட்டுப் பாருங்கள். 8 இஞ்ச் அச்சில் எல்லா நட்டிலும் சாக்கெட் நேராக உட்காரும். 9 இஞ்ச் அச்சில் வார்ப்பின் வயிறு இடிக்கும், ஸ்பேனர்தான் போட வேண்டியிருக்கும். அரை நிமிட வேலை. இதைக்கூடச் செய்யாமல் 8 இஞ்ச் பாகத்தை 9 என்று வாங்கியவர்கள் ஏராளம்.

## தகடு சொல்வது, தகடு சொல்லாதது

தேர்ட் மெம்பரின் ஒரு நட்டுக்கு அடியில் சிறு உலோகத் தகடு மாட்டியிருக்கும். அதில் விகிதம் இருக்கும். விகிதம் என்பது சக்கரம் ஒரு முறை சுற்றப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண். தகட்டில் 3 50 என்று இருந்தால் ஓப்பன், விகிதம் 3.50. அதே இடத்தில் 3எல்50 என்று இருந்தால் பூட்டும் வகை, அதாவது லிமிடெட்-ஸ்லிப்போ லாக்கரோ. புள்ளி வர வேண்டிய இடத்தில் எல் வந்து நிற்கும். அடுத்து வரும் 9 கிரவுன் வீலின் அளவு.

காரின் கதவில் உள்ள தகட்டிலும் அச்சுக்கென்று ஒரு கட்டம் உண்டு. 1960களின் பிற்பகுதி மஸ்டாங்கில் பெரும்பாலும் எண் இருந்தால் ஓப்பன், எழுத்து இருந்தால் பூட்டும் வகை. 1969க்கு 'வி' என்றால் 3.91 ட்ராக்‌ஷன்-லாக், 'டபிள்யூ' என்றால் 4.30 டெட்ராய்ட் லாக்கர்.

இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. கதவுத் தகடு, கார் பிறந்தபோது என்ன இருந்தது என்று சொல்லும். ஐம்பது வருடத்தில் அடியில் எத்தனை அச்சு மாறியதோ அதற்குத் தெரியாது. நட்டுக்கு அடியில் உள்ள தகட்டையோ யார் வேண்டுமானாலும் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். புதிதாக அச்சடித்த தகடுகளும் கிடைக்கின்றன. தகட்டை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக வேண்டாம்.

## 'என்' எழுத்தும் வார்ப்பு எண்ணும்

சில தேர்ட் மெம்பர்களின் முகத்தில், விலா எலும்பு போன்ற வரம்புகளுக்கு நடுவே, பெரிய 'என்' வார்க்கப்பட்டிருக்கும். நாடுலர் இரும்பு என்ற வலுவான வார்ப்பு அது. சக்திமிக்க எஞ்சின்களுக்கு வந்தது, விலையும் கூடுதல். ஆனால் 'என்' சொல்வது வெளிக்கூட்டின் உலோகத்தைப் பற்றி மட்டுமே. உள்ளே ஓப்பன் இருக்கலாம், லாக்கர் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். "'என்' கேஸ், அதனால் பாசி" என்ற விளம்பரத்தில் அந்த "அதனால்" பொய். பழைய முறையிலேயே 'என்' போட்டுப் புதிதாக வார்த்த கூடுகளும் சந்தையில் உள்ளன. அவை தரக்குறைவு என்று பொருளில்லை, பழைய பாகத்தின் விலைக்கு வாங்கக்கூடாது, அவ்வளவே.

வார்ப்பு எண்ணைப் படிப்பது கடினமல்ல. எடுத்துக்காட்டாக சி7ஏடபிள்யூ-இ. முதல் எழுத்து பத்தாண்டு: பி என்றால் 1950கள், சி என்றால் 1960கள், டி என்றால் 1970கள். அடுத்த எண் ஆண்டு, ஆக 1967. மூன்றாவது எழுத்து எந்தக் காருக்காக வடிவமைத்தது என்பது: ஏ பெரிய ஃபோர்டு கார்கள், ஓ நடுத்தரம், இசட் மஸ்டாங், டி லாரி. நான்காவதான டபிள்யூ அச்சு வடிவமைப்புப் பிரிவைக் குறிக்கும். கடைசி எழுத்து திருத்தம். ஒன்றை மறக்க வேண்டாம்: 1967 என்பது வடிவம் பிறந்த ஆண்டு. அதே வார்ப்பு அடுத்த பல வருடங்களும் ஓடியிருக்கும். பெரிய ஃபோர்டுக்கான எழுத்து கொண்ட வார்ப்பு மஸ்டாங்கில் இருந்தால் போலி என்றும் முடிவுகட்டக்கூடாது.

இதுவரை பார்த்தவை எல்லாம் வெளியே எழுதியிருப்பவை. எழுத்து மாறலாம், மாற்றப்படலாம். இனி எண்ணிப் பார்க்கக்கூடியவற்றுக்கு வருவோம்.

## பல்லை எண்ணுங்கள்

கிரவுன் வீலின் விளிம்பில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும்: பெரிய சக்கரத்தின் பல், பினியனின் பல். 39ஐ 12ஆல் வகுத்தால் 3.25. 39க்கு 13 என்றால் 3.00. 35க்கு 10 என்றால் 3.50. 43க்கு 11 என்றால் 3.91, 43க்கு 10 என்றால் 4.30. 35க்கு 9 போட்டால் 3.89 வரும், 3.91க்கு மிக அருகில். ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்றின் பினியனை மற்றதன் கிரவுனோடு சேர்த்தால் பல் பல்லில் உட்காராது. பழைய பொருள்களைக் குவித்துப் போட்ட பெட்டியில் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கும்.

கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். எண் வேறானால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஓடும், ஆனால் வேகம் பிடித்ததும் ஊளையிடும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் தவறவிடும் இடம் இது. 43க்கு 11 என்ற ஜோடியில் பொது வகுஎண் இல்லை. பினியனின் ஒவ்வொரு பல்லும் காலப்போக்கில் கிரவுனின் 43 பற்களையும் சந்திக்கும். 39க்கு 13இல் அப்படியில்லை. ஒரு பினியன் பல் வாழ்நாள் முழுவதும் அதே 3 கிரவுன் பற்களை மட்டுமே தொடும். 39க்கு 12இல் 13 பற்களை, 35க்கு 10இல் 7 பற்களைத் தொடும். ஆகவே 3.00, 3.25, 3.50 விகிதங்களில் எந்தப் பல் எதோடு சேர வேண்டும் என்று தொழிற்சாலை அடையாளமிட்டிருக்கும். யாரோ கழற்றி அந்தக் குறிகளைக் கவனிக்காமல் பூட்டியிருந்தால், ஆயிரக்கணக்கான மைல் ஒன்றோடு பழகிய பல் இப்போது அந்நியப் பல்லைச் சந்திக்கும்; சத்தம் கிளம்பும். பழைய 3.50 ஜோடியை வாங்கும்போது குறிகள் இன்னும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

அச்சு காரிலேயே இருக்கிறது, உள்ளே எட்டிப் பார்க்க முடியாது என்றால்: முன் சக்கரங்களுக்கு முட்டு வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போடுங்கள். பூட்டும் வகை என்றால் இரண்டு சக்கரங்களையும் சேர்த்து 10 முறை சுற்றுங்கள். ஷாஃப்ட் 35 சுற்று வந்தால் 3.50, 32 அரை வந்தால் 3.25. ஓப்பன் என்றால் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை 20 முறை சுற்றினால்தான் அதே எண் வரும், ஏனென்றால் ஒரு சக்கரம் நிற்கும்போது கிரவுன் பாதிதான் சுற்றும். இதை மறந்து 10 சுற்றோடு நிறுத்தி, "விகிதம் 1.75, அபூர்வப் பொருள்" என்று விளம்பரம் போட்டவர்களும் உண்டு.

## ஸ்ப்லைன்: 28ஆ, 31ஆ, எதன் 28?

ஆக்ஸில் தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் பற்கள் ஸ்ப்லைன். அவை சன் கியரின் துளைக்குள் நுழைந்து பிடித்துக்கொள்ளும். சாதாரண 9 இஞ்ச் அச்சில் 28, வலுவான அச்சில் 31. உங்கள் தண்டு 28 ஆக இருந்து, வாங்கும் டிஃபரென்ஷியல் 31க்கு வெட்டியதாக இருந்தால் பொருந்தவே பொருந்தாது. தண்டுகளையும் மாற்ற வேண்டும். எண்ணும்போது ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்துத் தொடங்குங்கள். கண்ணால் எண்ணினால் பத்துக்கு மூன்று முறை தவறும்.

விற்பவர் "28 ஸ்ப்லைன்" என்றால், எதன் 28 என்று கேளுங்கள். பினியனின் முன்முனையிலும் ஸ்ப்லைன் உண்டு. 9 இஞ்ச் அச்சின் சாதாரணப் பினியனிலும் அது 28தான். வெளியே தெரிவது அது மட்டுமே என்பதால், உள்ளே பார்க்காதவர் அதை எண்ணிச் சொல்லியிருக்கலாம். இன்னொன்று: 31 என்றால் லிமிடெட்-ஸ்லிப் என்று அர்த்தமில்லை. 31 ஸ்ப்லைன் ஓப்பன் கூடுகளும் தொழிற்சாலையிலிருந்து வந்தவைதான்.

அடுத்து பேரிங். கிரவுன் கூட்டின் இருபுறமும் உட்காரும் பேரிங்கின் வெளிவிட்டம் தேர்ட் மெம்பரின் துளையோடு பொருந்த வேண்டும். பெரும்பாலான வார்ப்புகளில் இது 2.891 இஞ்ச், பெரிய துளை 'என்' வார்ப்புகளில் 3.062 இஞ்ச். பேரிங் எண்ணைத் துடைத்துப் படித்தால் ஊகத்துக்கு இடமில்லை. எல்எம்501349 என்றால் சிறிய துளை, 28 ஸ்ப்லைன் கூடு. எல்எம்102949 அதே வெளிவிட்டம்தான், ஆனால் 31 ஸ்ப்லைன் கூட்டுக்கான பெரிய உள்விட்டம். எல்எம்603049 பெரிய துளை வார்ப்புக்கு உரியது. டிஃபரென்ஷியலை மட்டும் தனியாக வாங்குகிறீர்கள் என்றால் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பேரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு அரைவட்ட மூடிகளையும் பாருங்கள். அவை வார்ப்போடு சேர்த்துத் துளையிட்டவை. இன்னொன்றிலிருந்து கடன் வாங்க முடியாது, இடதை வலதில் போடவும் முடியாது. மூடியிலும் வார்ப்பிலும் பொருந்தும் குத்துக்குறி இருந்தால் நல்லது. மூடியே இல்லாமல் விற்கப்படும் தேர்ட் மெம்பர் மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

## சுற்றிப் பார்க்கும் சோதனையும் அதன் பொய்களும்

இரண்டு பின் சக்கரங்களும் தரையில் படாமல், நியூட்ரலில், ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன். அதே திசையில் சுற்றினால் பூட்டும் வகை. எல்லோருக்கும் தெரிந்த சோதனை, பாதி உண்மை. தட்டுகள் முழுதாகத் தேய்ந்த ட்ராக்‌ஷன்-லாக் ஓப்பனைப் போலவே எதிர்த்திசையில் சுற்றும். வெல்டிங் வைத்ததும் ஸ்பூலும் ட்ராக்‌ஷன்-லாக்கைப் போலவே ஒரே திசையில் சுற்றும். ஒரு பக்க பிரேக் உரசினாலும் விடை மாறும்.

இன்னும் ஒரு படி போக வேண்டும். ஒரு பின் சக்கரத்தைத் தரையில் விட்டு, மற்றதை மட்டும் தூக்கி, முன் சக்கரங்களுக்கு முட்டு வைத்து, நியூட்ரலில், தூக்கிய பக்கத்தின் வீல் போல்ட்டில் தகடு மாட்டி, விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் திருப்புங்கள். ஒரு விசைக்குப் பிறகு வழுவழுவென்று விட்டுக்கொடுத்துச் சுற்றினால் கிளட்ச் பேக் உயிரோடு இருக்கிறது. அந்தக் குறைந்தபட்ச விசை எவ்வளவு என்பது அந்தந்த ஆண்டின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். தடையே இல்லாமல் சுற்றினால் ஓப்பன் அல்லது தேய்ந்தது. எவ்வளவு அழுத்தினாலும் அசையாவிட்டால் ஸ்பூல் அல்லது வெல்டிங். விட்டுவிட்டுத் தடுக்கித் தடுக்கிச் சுற்றினால் தட்டுகள் கீறியிருக்கின்றன.

டெட்ராய்ட் லாக்கருக்கு வேறு வழி: இரண்டு சக்கரங்களும் தூக்கியபடி, எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, ஒருவர் ஒரு சக்கரத்தை முன்பக்கமாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் எதிர்ச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். கிளிக் ஒலியோடு எளிதாகச் சுற்றினால் அது லாக்கர்.

எந்தச் சோதனையிலும் எஞ்சினை ஓட விடாதீர்கள். ஒரு சக்கரம் தரையில் இருக்கும்போது பூட்டும் வகை அச்சில் எஞ்சினைக் கியரில் போட்டால், தரையில் இருக்கும் சக்கரம் காரை ஜாக்கியிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

## கழற்றிக் கையில் இருக்கும்போது

மேசையில் வைத்த தேர்ட் மெம்பர் 30 கிலோவுக்கு மேல் இருக்கும், விரலைக் கவனியுங்கள். ஆக்ஸில் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். பல் முகங்களும் அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்கும் தெரிந்தால் லாக்கர். பற்களுக்கிடையே உருகிய உலோகமும் கருகிய நிறமும் தெரிந்தால் வெல்டிங். கிளட்ச் பேக்கைப் பிரிக்க விற்பவர் சம்மதித்தால் தட்டுகளை வரிசை மாறாமல் எடுத்து வையுங்கள். நீலமாகச் சூடேறிய தட்டு, கண்ணாடிபோல் பளபளக்கும் முகம், முறிந்த காது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தட்டுகள் மாற்ற வேண்டியவை. ஆனால் தட்டு மாற்றும் செலவு தாங்கக்கூடியதே. கூட்டின் காடிகளில் தட்டின் காதுகள் படிக்கட்டுபோல் பள்ளம் வெட்டியிருந்தால்தான் கூடே போய்விட்டது என்று பொருள். ட்ராக்‌ஷன்-லாக்குக்குத் தட்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன. பழைய ஈக்வா-லாக்குக்கு அப்படியில்லை. தொழிற்சாலை அசல் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர் அதை விட்டுவிடுவதே நல்லது.

கிரவுன் பற்களில் துருப்பிடித்த புள்ளிகள் இருந்தால் நகத்தால் தேய்த்துப் பாருங்கள். நகம் சிக்கினால் குழி விழுந்துவிட்டது, சத்தம் நிச்சயம். மேலோட்டமான கறை எண்ணெயில் போய்விடும்.

மாட்டியபின் திருப்பத்தில் பின்பக்கம் கடகடவென்று அதிர்ந்தால் ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். பல நேரம் குறை எண்ணெயில்தான். தட்டுகள் ஒட்டி ஒட்டி விடுவதால் வரும் அதிர்வு அது. 9 இஞ்ச் அச்சுக்கு ஏறத்தாழ 5 பைண்ட், அதாவது 2.4 லிட்டர் ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெய் வேண்டும். கிளட்ச் பேக் இருந்தால் அதோடு ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்க்கைப் பொருளும் 4 அவுன்ஸ், அதாவது 118 மில்லி சேர்க்க வேண்டும். சேர்த்தபின் காலியான திறந்தவெளியில் ஒரு பக்கம் ஐந்தாறு, மறுபக்கம் ஐந்தாறு என்று எட்டு வடிவில் மெதுவாக வட்டம் போட்டால் எண்ணெய் தட்டுகளுக்கு இடையே ஊறும். அதன்பிறகும் அதிர்ந்தால் தட்டுகளைப் பார்க்கலாம். டெட்ராய்ட் லாக்கருக்கு இந்தச் சேர்க்கைப் பொருள் தேவையில்லை. அதன் கிளிக் சத்தம் எந்த எண்ணெய் ஊற்றினாலும் போகாது.